செவ்வாயின் கூழாங்கல்லும் நம்மூர்க் குன்றும்

கோப்பெங் வட்டாரத்தில் வாழும் நாம் நாள்தோறும் காணும் காட்சி, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளாகும். வேற்றுக் கிரகத்துக் கற்களைப் பற்றி அறிய விரும்பும் மாணவர்களே, முதலில் இக்குன்றுகளின் வரலாற்றைக் கேளுங்கள்.

25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கிந்தா பள்ளத்தாக்கு கடலடியில் இருந்தது. கடலுயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து, இறுகிப் பாறையாயின. பின்னர் நிலம் உயர்ந்தது, மழை பெய்தது. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. குவா தெம்புரோங் குகை இவ்வாறு நீரால் குடையப்பட்டதே. அக்குகையில் சொட்டும் நீரிலிருந்து சுண்ணாம்பு மீண்டும் படிந்து, மேலே கல் விழுதுகளாகவும் கீழே கல் தூண்களாகவும் வளர்கிறது.

கல்லைக் கரைப்பதோடு, அதனை உருட்டி மழுங்கச் செய்வதும் நீரின் தொழிலே. கம்பார் ஆற்றின் கூழாங்கற்கள் உருண்டையாக இருப்பது ஏன்? நீரோட்டத்தில் உருண்டு, ஒன்றோடொன்று மோதித் தேய்ந்தமையால் அன்றோ!

இனி, செவ்வாய்க் கிரகத்திற்குச் செல்வோம். அங்கு இன்று ஆறுகள் இல்லை. ஆயினும், 2012ஆம் ஆண்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, பாறையினுள் பதிந்திருந்த உருண்டைக் கூழாங்கற்களைப் படம் பிடித்தது. காற்று உருட்டிச் செல்ல இயலாத அளவு பெரிய கற்களும் அவற்றுள் இருந்தன. ஆகவே, முன்னொரு காலத்தில் கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள ஓடை அங்கே ஓடியிருக்க வேண்டும் என அறிஞர்கள் முடிவு செய்தனர். 2025ஆம் ஆண்டில், அதே ஊர்தி துளைத்த பாறைகளில் சிடரைட் என்னும் கனிமம் மிகுதியாக இருப்பதாக அறிவித்தனர். நம் சுண்ணாம்புக் கல்லைப் போலவே அதனுள்ளும் கரியமில வாயு அடங்கியுள்ளது. செவ்வாயின் பழைய காற்று எங்கே மறைந்தது என்னும் வினாவிற்கு அது ஒரு துப்பாகும்.

ஒரு கூழாங்கல்லைக் கொண்டு ஓர் ஆற்றையே அறிகின்றனர்! கற்கள் நிலத்தின் ஏடுகள் என்பது இதனால் விளங்கும். நம் பள்ளத்தாக்கிலோ, சலவைக்கல்லுக்காகவும் சிமெண்டுக்காகவும் சில குன்றுகள் வெட்டப்பட்டு வந்துள்ளன. எனினும், 2018ஆம் ஆண்டில் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. வெட்டிய மரம் மீண்டும் தளிர்க்கலாம். தகர்த்த குன்று தளிர்ப்பதில்லை. குகைக்குச் செல்லும்போது கல் விழுதுகளை ஒடிக்காமலும் கிறுக்காமலும் காப்போம். பிறர் வெகு தொலைவு ஊர்தி அனுப்பித் தேடும் ஏடு, நம் வாயிலருகே திறந்து கிடக்கிறது, அதனைப் படிப்போம்.