பயிற்சியைப் பாதியில் விட்டவர் மீண்டும் படையில் சேர முடியுமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர், அக்னிவீரராகத் தேர்வாகிப் பயிற்சி மையத்தில் நான்கு மாதம் இருந்த நிலையில், குடும்பச் சூழலைக் காரணம் காட்டித் தாமே எழுதிக் கொடுத்து ஊர் திரும்பிவிட்டார். அந்த முடிவுக்காக இப்போது மிகவும் வருந்துகிறார். விடுவிப்பு உத்தரவை ரத்து செய்ய முடியுமா, பிடித்தம் செய்யப்பட்ட பணம் கிடைக்குமா, காவலர் தேர்வுக்கு இது தடையாகுமா என்று அவருடைய தந்தை கேட்டுள்ளார்.

பதில்: பத்தொன்பது வயதில், வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்திருக்கும் ஒருவர் எடுத்த முடிவுக்காக அவரையோ குடும்பத்தையோ யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் எடுத்த முடிவு தவறென்று பின்னர் தோன்றுவது மட்டுமே ஓர் உத்தரவை ரத்து செய்யச் சட்டப்படி போதிய காரணம் ஆகாது. படையை விட்டு அவர் எந்த வழியில், யாருடைய ஆணையால், எந்தப் பிரிவின் கீழ் வெளியேறினார் என்பதையே சட்டம் பார்க்கும் என்பதால், இம்மூன்றையும் உறுதி செய்துகொண்ட பிறகே மற்றக் கேள்விகளுக்கு விடை காண இயலும்.

உரிய அதிகாரியின் எழுத்துமூல ஆணையுடன் வெளியேறுவதற்குப் ‘பணி விடுவிப்பு’ என்று பெயர். பேச்சு வழக்கில் டிஸ்சார்ஜ் எனப்படும் இது குற்றமும் அன்று, தண்டனையும் அன்று. ஆணை பெறாமல் ஊருக்கு வந்து தங்கிவிடுவதோ முற்றிலும் வேறு நிலை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 39ஆம் பிரிவின்படி விடுப்பின்றிப் பணிக்கு வராதிருத்தலுக்கு 3 ஆண்டு வரையிலும், 38ஆம் பிரிவின்படி படையை விட்டுத் தப்பியோடுதலுக்குப் போர்ப்பணி அல்லாத காலத்தில் 7 ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க இடம் உண்டு. ராணுவக் குற்றங்களுக்குப் பொதுவாக உள்ள 3 ஆண்டு காலவரம்பு தப்பியோடுதலுக்குப் பொருந்தாது என்பதால், காலம் கடந்தால் பிரச்சினை தானே தீர்ந்துவிடும் என்று எண்ணுவது ஆபத்தானது. ஆகவே, கேள்வியில் சொல்லப்பட்ட இளைஞரின் கையில் விடுவிப்பு ஆணை இல்லையெனில், அவர் வழக்கறிஞரைக் கலந்து உடனடியாகப் பயிற்சி மையத்தில் முன்னிலையாவதே பாதுகாப்பான வழி.

ஆணை இருக்குமானால், அதனுடன் சேர்த்துப் பெற வேண்டிய மற்றோர் ஆவணம் பணி முடிவுச் சான்றிதழ். பணியை முடித்துவைத்த அதிகாரி யார், முடிவுக்குக் காரணம் என்ன, மொத்தப் பணிக்காலம் எவ்வளவு என்னும் மூன்று விவரங்களையும் கொண்ட இச்சான்றிதழை, விடுவிக்கப்படும் வீரரின் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் கட்டளை அதிகாரி வழங்க வேண்டும் என்று ராணுவச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது. ஆகையால், தமிழிலும் அதைக் கேட்டுப் பெறும் உரிமை இந்த இளைஞருக்கு உண்டு. அதில் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதப்பட்டுள்ளதா, ‘திறமையான வீரராக உருவாக வாய்ப்பில்லை’ என்பது போன்ற வேறு காரணம் எழுதப்பட்டுள்ளதா என்பதே அவருடைய எதிர்கால விண்ணப்பங்கள் அனைத்திலும் எதிரொலிக்கும்.

உத்தரவை ரத்து செய்வது குறித்த நிலை பின்வருமாறு. பணியிலிருந்து விலகக் கொடுக்கப்பட்ட கடிதம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்னர் அதைத் திரும்பப் பெறலாம் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1978இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் ஏற்றது. விருப்ப ஓய்வு தொடர்பான 1987ஆம் ஆண்டின் பல்ராம் குப்தா வழக்கும் அதே திசையில் சென்றது. இவை ராணுவம் சாராத பதவிகளைப் பற்றிய தீர்ப்புகள் எனினும், விடுவிப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் பயிற்சி மையத்திலேயே இருப்பவர், மனம் மாறினால் அன்றே எழுத்துமூலம் கடிதத்தைத் திரும்பப் பெற முயல்வதற்கு இக்கோட்பாடு துணை நிற்கும். ஆணை நடைமுறைக்கு வந்து, பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபின் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

அதன் பிறகு உத்தரவை எதிர்க்க வேண்டுமெனில், விண்ணப்பம் வற்புறுத்தலால் பெறப்பட்டது என்றோ, ஆணையிட்டவருக்கு அதற்கான அதிகாரம் இல்லை என்றோ, உண்மைக் காரணம் உடற்காயமாக இருக்க அது சொந்த விருப்பமாகப் பதியப்பட்டது என்றோ காட்ட வேண்டும். அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின்படி, பணிக்காலம் முடியுமுன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் விடுவிக்கலாம் என்பதால், ஒப்புதல் அளித்தவர் யார் என்பதை ஆணையில் கவனித்துப் பார்ப்பது அவசியம்.

மேற்கண்ட காரணங்களுள் ஒன்று உண்மையாகவே இருந்தால், முதலில் ராணுவ அதிகாரிகளுக்கு முறையீடு அனுப்ப வேண்டும். பிறகு 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டப்படி சென்னையில் இயங்கும் தீர்ப்பாய அமர்வில் மனு செய்யலாம். முறையீட்டின் மீது இறுதி ஆணை வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும், முறையீட்டுக்கு 6 மாதமாகப் பதிலே வராவிடில் அடுத்த 6 மாதத்துக்குள்ளும் மனு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வருத்தத்தை மட்டுமே காரணமாக வைத்துத் தீர்ப்பாயத்தை நாடுவது, குடும்பத்தின் பணத்தையும் இளைஞரின் வயதையும் வீணாக்கும்.

காயம் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. பயிற்சியில் கால் எலும்பு முறிந்தோ கேட்கும் திறன் குறைந்தோ போனவர், ஊருக்குப் போனால் போதும் என்ற மனநிலையில் சொந்த விருப்பம் என்று கையெழுத்திடுவது பெரிய இழப்பாகும். பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் மிகுந்த ஊனம் 100, 75, 50 விழுக்காடு என்று மருத்துவக் குழுவால் மதிப்பிடப்படும் அக்னிவீரருக்கு முறையே 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ரூபாய் ஒருமுறை உதவித்தொகையாக வழங்கத் திட்டம் வகை செய்கிறது. சேரும்போது பதியப்படாத நோயோ ஊனமோ பணியால் வந்ததாகவே முதலில் கருதப்படும் என்று, ஊனமுற்றோர் ஓய்வூதியம் தொடர்பான தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

பணத்தைப் பொறுத்தவரை, முதலாண்டு மாத ஊதியமான 30,000 ரூபாயில் 30 விழுக்காடு, அதாவது 9,000 ரூபாய், ‘சேவா நிதி’ என்னும் தொகுப்பு நிதிக்குப் பிடிக்கப்பட்டு, அதே அளவு தொகையை அரசும் செலுத்துகிறது. சொந்த விருப்பத்தில் விலகுபவருக்கு அவருடைய பங்கு வட்டியுடன் கிடைக்கும். அரசின் பங்கு கிடைக்காது. நான்கு மாத ஊதியம் முழுமையாகப் பெற்றிருந்தால், அவர் கேட்டுப் பெற வேண்டியது 36,000 ரூபாயும் அதற்கான வட்டியும் ஆகும்.

மீண்டும் சேர்வதற்கு வழக்கைவிட எளிய வழி, புதிய விண்ணப்பதாரராக முயல்வதே. 2022இல் திட்டம் வகுத்த வயது வரம்பு 17½ முதல் 21 வரை. இது மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் உள்ள வயது வரம்பையும், முன்பு விடுவிக்கப்பட்டவர்களுக்கான நிபந்தனையையும் படித்து, பெரம்பலூர் மாவட்டத்துக்குரிய திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். முந்தைய பணியை மறைப்பது எந்நிலையிலும் கூடாது. சேர்ப்புப் படிவத்தில் வேண்டுமென்றே பொய்யான விடை அளித்தால் ராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

ஒழுங்கு நடவடிக்கை ஏதுமின்றி முறையாக விடுவிக்கப்பட்டிருப்பது குற்றப் பதிவு ஆகாது. ஆகவே அது மட்டுமே தமிழ்நாடு காவலர் தேர்வுக்குத் தடையாவதில்லை. எனினும், ‘முன்னாள் படைவீரர்’ என்பதற்கான மத்திய அரசு விதிகளின் விளக்கத்தில், ஓய்வூதியத் தகுதி பெறாமல் சொந்த விருப்பத்தில் விலகியவர் அடங்கமாட்டார் என்பதால், முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பது தவறாகிவிடும். பணி விண்ணப்பத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று, குற்ற வழக்கு விவரங்களை மறைத்தல் தொடர்பான அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி, முந்தைய பணி பற்றிய கேள்விக்கும் பின்பற்றத் தக்கதே.

இவற்றிலிருந்து, அந்தக் குடும்பம் செய்ய வேண்டியவை தெளிவாகின்றன: விடுவிப்பு ஆணை, 23ஆம் பிரிவுச் சான்றிதழ், எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றைப் பதிவு அஞ்சலில் கேட்டுப் பெற்று, ஆணையின் நாளையும் இளைஞரின் பிறந்த நாளையும் வைத்துக் காலவரம்புகளைக் கணக்கிட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறிப்பிட்ட வரம்புக்குக் குறைந்த வருமானம் உள்ளோர் முதலியோருக்கு, பெரம்பலூரில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் உதவி வழங்கும். வற்புறுத்தலோ காயமோ இருந்திருந்தால் முறையீட்டை உடனே அனுப்புவதும், அவ்வாறு எதுவும் இல்லையெனில் வழக்கில் இறங்காமல் அடுத்த ஆள்சேர்ப்புக்கும் காவலர் தேர்வுக்கும் இப்போதே தயாராவதும் அந்த இளைஞருக்கு நன்மை பயக்கும்.