மழை ஓய்ந்த பின்னும் மாணவர் மனம்

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பொழிந்தது. அத்தகைய பேரிடரின் அச்சம், மழைக்காலம் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகளிடம் தலைதூக்கலாம். அதன் வெளிப்பாடு வகுப்புதோறும் வேறுபடுவதைக் காண்கிறோம்.

ஆறாம், ஏழாம் வகுப்பினர் பெரும்பாலும் வயிற்றுவலி என்பர்; தனியே உறங்க அஞ்சுவர். எட்டாம், ஒன்பதாம் வகுப்பினர் எளிதில் எரிச்சல் கொள்வர். பொதுத்தேர்வு எழுதுவோர் உறக்கமும் கவனமும் இழந்து ஒதுங்கியிருப்பர். இதனைச் சோம்பல் எனக் கடியாமல், அவர்கள் கூறுவதைப் பொறுமையாகச் செவிமடுப்போம். உணவு, உறக்கம், பள்ளி ஆகியவை வழக்கமான நேரத்தில் நிகழ்வதே மனத்தை நிலைப்படுத்தும்.

அறிகுறிகள் ஒரு மாதத்தைக் கடந்தால் மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுமாயின் அன்றே வாருங்கள். 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.