குழாய் வைத்த பிள்ளை மறுபடியும் வருவதேன்?



சகோதரர் ஒருவர், "தலையில் நீர் கோத்த பிள்ளைக்கு ஒருமுறை ஆபரேஷன் செய்தாயிற்றே, மறுபடியும் ஏன் உதவி கேட்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. வார்டில் தாய்மாரும் இதையே கண்ணீரோடு கேட்கிறார்கள்: "ஐயா, நான் ஜெபித்தது போதவில்லையா?" அவர்கள் ஜெபத்தில் குறையில்லை.

மூளையின் அறைகளில் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கும்போது, ஷன்ட் என்னும் மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் காதின் பின்புறமாக இறக்கி, வயிற்றுக்குள் விடுகிறார்கள். நடுவே ஒரு வால்வு. 1956-ல் அமெரிக்காவில் பூட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ஹோல்ட்டர், இந்நோய் கண்ட தன் மகனுக்காகவே ஒரு வால்வை உருவாக்கினார். (கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் லேத் ஓட்டும் தகப்பன்மாருக்கு இதைச் சொன்னால் முகம் மலர்கிறது.)

ஆனாலும் குழாய் குழாய்தான். மூளை அறையின் திசு அதன் முனையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு வைப்பவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முதல் ஆண்டுக்குள்ளேயே பழுதாகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். கிருமி தொற்றினால், பெரும்பாலும் குழாயையே எடுத்துவிட்டு, நீர் தெளிந்தபின் புதிதாக வைக்கவேண்டும். இது அதிகமாய் நேரிடுவது முதல் ஆறு மாதங்களில். நீர் அளவுக்குமீறி வடிவதும், பிள்ளை வளர வளரக் குழாய் எட்டாமற்போவதும் உண்டு.

பழுதைவிடக் கொடியது தாமதம். புதுவாயல் பக்கத்துத் தாய் ஒருத்தி, பிள்ளையின் வாந்தியை வயிற்றுக் கோளாறென்று எண்ணி மூன்று நாள் மருந்துக்கடை மருந்து கொடுத்தாள். பிள்ளை பிழைத்தது, பார்வை மங்கிவிட்டது. அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அடையாளங்களை அவளுக்கு யார் பொறுமையாகச் சொன்னார்கள்?

ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், காலைத் தலைவலி, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தல், கண்கள் கீழ்நோக்கிச் செருகுதல், காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வரவேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலால் நீர் கோத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஷன்ட் வைக்கப்பட்ட 114 பேரைப் பற்றிய ஆய்வு 1991-ல் வெளிவந்தது. நினைவு தெளிவாயிருக்கையில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அடைத்த குழாய்க்கும் நேரம் அப்படியே முக்கியம்.

ஆகவே சகோதரரே, உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை வண்டிச் சத்தத்துக்கென்று எடுத்துவைக்கிறோம். இரவு பத்து மணிக்குப் பிள்ளை கண் செருகினால், கையில் பணமில்லாத தாய் முதல் பஸ்ஸுக்காக விடியும்வரை காத்திருப்பாள்.