புளித்த மண்ணை மாற்றினால் மரக்கறி விளையும்



"எரு போட்டோம், தண்ணி ஊத்தினோம். அப்படியும் போஞ்சி மஞ்சளாத்தான் நிக்குது. இது ராசியில்லாத மண்ணுங்க" என்று லயங்களில் பலரும் சொல்வதுண்டு. குறை ராசியில் இல்லை. பெரும்பாலும் மண்ணின் புளிப்பில்தான் இருக்கிறது.

புளிப்பை பீ.எச். என்ற எண்ணால் அளப்பார்கள். எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். போஞ்சி, கோவா, பீட்றூட் ஆகியவற்றுக்கோ 6 முதல் 6.5 வரை வேண்டும். மலைநாட்டு மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிவிடுகிறது. வருடக்கணக்காகப் போட்ட யூரியா போன்ற பசளைகளும் புளிப்பைக் கூட்டுகின்றன. மிகவும் புளித்த மண்ணில் எவ்வளவு எரு போட்டாலும் வேர் அதைச் சரியாக எடுக்காது. கோவாவுக்கு வேர்வீக்க நோயும் வரும்.

சித்திரை மழைக்கு முன், பங்குனியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

1. சரிவுக்குக் குறுக்கே 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் பாத்தி போடுங்கள். மேல்பக்கம் சிறிய கான் வெட்டுங்கள். இல்லாவிட்டால் நல்ல மண்ணெல்லாம் மழையோடு போய்விடும்.

2. பாத்திக்கு முக்கால் கிலோ டொலமைட் தூவி, முள்ளால் கொத்திக் கலந்து, ஈரமாக வைத்து 2, 3 வாரம் விடுங்கள். டொலமைட் கிடைக்காவிட்டால் விறகுச் சாம்பலைக் கொஞ்சமாகத் தூவலாம். இவற்றை யூரியாவோடு சேர்த்துப் போடாதீங்க. தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

3. அதன்பிறகு நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 2 வாளி கலந்து நடுங்கள். பாதையோரத்துக் காட்டுச் சூரியகாந்தித் தழை கூட்டெருவுக்கு மிக நல்லது.

4. செடியைச் சுற்றி மானாப்புல்லைப் பரப்புங்கள். மண் காயாது, கரையாது.

உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் டொலமைட் போட வேண்டாம். கிழங்கில் சொறி விழும். உங்கள் மண்ணுக்குச் சரியான அளவை அறிய விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022இல் மரக்கறி விலை ஏறியதும் நமக்கு மறக்காது. கடையில் விலை ஏறினால் முதலில் குறைவது பிள்ளைகளின் தட்டில் உள்ள கறிதான். ராபு 45 நாளில் சட்டிக்கு வரும். போஞ்சி 2 மாதத்தில் வரும். இந்தப் பங்குனியில் ஒரே ஒரு பாத்தியைத் திருத்திப் பாருங்க. அடுத்த பாத்தியை நீங்களே போடுவீங்க.