தூரிகைக் கோடும் செதுக்குளியும்

கருமை தோய்ந்த தூரிகையை வெண்தாளில் ஒரே வீச்சாக இழுக்கும்போது பிறக்கும் கோட்டிற்கு உயிர் உண்டு. தொடக்கத்தில் அது தடித்திருக்கும், இடையில் மெலியும், மை வற்றும் முனையில் பல இழைகளாகப் பிரியும். வரைந்தவரின் கை விரைந்ததா, தயங்கியதா என்பதை அக்கோடே உணர்த்திவிடும். ஆனால், அத்தகைய ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அதனை இருபது வீட்டுச் சுவர்களில் காண விரும்பினால், லினோ அச்சு முறை எளிய வழியாகும்.

லினோலியம் என்பது 1860களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் உருவாக்கிய தரைவிரிப்பு. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணியின்மீது படியச் செய்து அதனை ஆக்குகின்றனர். மரப்பலகையில் உள்ளதுபோல் இதில் நாரோட்டம் இல்லை. ஆகவே, உளி எத்திசையிலும் தடையின்றிச் செல்லும். அங்கோலாவில் பிறந்த ஜான் முவாஃபாங்கெஜோ (1943–1987) இந்த எளிய பொருளில் தம் மக்களின் வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையில் செதுக்கி உலகப் புகழ் பெற்றார்.

வரைதலும் மாற்றுதலும்

ஒரே காட்சியை ஐந்தாறு தாள்களில் விரைவாக வரைந்து, அவற்றுள் உயிரோட்டம் மிக்க ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அச்சில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும் என்பதை மறத்தலாகாது. பால் மரம் சீவும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மரத்தை நோக்கி நிற்பவருக்கு, வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும். பட்டையினுள் பால் குழல்கள் சற்றே சாய்ந்திருப்பதால், அவ்வாறு வெட்டும்போதுதான் மிகுதியான குழல்கள் அறுபடும். படத்தைத் திருப்பாமல் செதுக்கினால் அச்சில் வெட்டு தலைகீழாகச் சாயும். நகரத்தார் அதனைக் கவனியாதிருக்கலாம். தோட்டத்தார் கண்டவுடன் நகைப்பர்.

எனவே, மெல்லிய தாளில் வரைந்து, அதனைக் கவிழ்த்து, அடியில் கார்பன் தாள் வைத்து, பின்புறம் தெரியும் உருவத்தை லினோவில் பதித்தல் வேண்டும். இவ்விடத்தில்தான் பலருடைய ஓவியம் உயிரிழக்கிறது. கோட்டின் ஓரங்களை மட்டும் கவனமாகப் பதித்து, அவ்வண்ணமே வெட்டுவதால் கோடு விறைத்துப் போகிறது. இதனைத் தவிர்க்க, பதிந்த அடையாளத்தின்மேல் தூரிகையும் மையும் கொண்டு மீண்டும் ஒரே வீச்சாக வரைதல் வேண்டும். அதற்குமுன் லினோவை மென்மையான உப்புத்தாளால் தேய்த்தால் மை நன்கு பற்றும்.

செதுக்குதல்

வெட்டி நீக்கிய இடம் வெண்மையாகவும், விட்டுவைத்த இடம் கருமையாகவும் அச்சாகும். லினோவைச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகும். நுண்ணிய இடங்களுக்குக் கூர்முனை உளியும், அகன்ற இடங்களுக்கு வளைமுனை உளியும் ஏற்றவை. பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். வளைவுகளில் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புக. கோட்டின் அடிப்பகுதியைக் குடைந்துவிட்டால் அதன் ஓரம் உடைந்துவிடும். ஆகவே, வெட்டு வெளிப்புறமாகச் சரியட்டும். மை வற்றிய முனைகளில், தூரிகை சென்ற திசையிலேயே கூர் உளியால் மெல்லிய கீற்றுகளை இடுக.

லினோவின் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. அடியிலுள்ள சணல் துணி வரை வெட்டுதல் கூடாது. உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கைகளுக்கு இந்த அளவறிதல் புதியதன்று.

அச்சிடுதல்

கண்ணாடித் தகட்டில் சிறிதளவு அச்சு மையை இட்டு, ரப்பர் உருளையால் மெல்லிய படலமாகப் பரப்புக. பின்னர் அதே உருளையை லினோவின்மேல் ஓட்டுக. தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் எல்லா இடத்தும் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதற்படி சோதனைப்படியே. அதனைத் தூரிகை ஓவியத்தின் அருகில் வைத்து ஒப்பிடுக. கருமை மிகுந்த இடத்தை இன்னும் வெட்டலாம். வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகையால், ஐயமுள்ள இடத்தை வெட்டாது விட்டுவைப்பதே அறிவுடைமை. இருபது படிகள் எடுத்தால், மூன்றாம் படியின் கீழே 3/20 எனப் பென்சிலால் குறிப்பது மரபு.

ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. விடியற்காலையில் மரத்தடியில் குனிந்து நிற்கும் ஒருவரின் முதுகு எவ்வாறு வளையும், கத்தியைப் பிடித்த மணிக்கட்டு எவ்வாறு திரும்பும் என்பன அவ்வேலையைச் செய்தவர்களுக்கே தெரியும். அதனை வரைந்து, செதுக்கி, பல படிகளாக்கிப் பிள்ளைகளின் கையில் தருவதற்குரிய தகுதி அவர்களிடமே உள்ளது.