மலைப்பிளவில் மனைகள்

பழங்குடியினர் வாழ்ந்த ஊர் பாழாய்க் கிடக்கக் கண்டால், அவர்கள் மாயமாய் மறைந்தனர் என்று சொல்லிவிடுவது எளிது. அக்கூற்று பொருந்துமா என்பதை மூன்று நான்கு நாள் நடந்தே ஆராயத்தக்க இடம் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கிழக்கில், சீடார் மேட்டு நிலத்தைப் பிளந்து சான் யுவான் ஆற்றை நோக்கி இறங்குகிறது கிராண்ட் கல்ச் என்னும் பள்ளத்தாக்கு. கேன் கல்ச் வழியே இறங்கி, புல்லட் பள்ளத்தாக்கின் வழியே ஏறினால் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். முன் அனுமதி வேண்டும். உணவும் படுக்கையும் முதுகுப் பையில் அடங்கிவிடும். நீருக்கோ ஊற்றுகளையே நம்ப வேண்டும். அவை எப்பொழுதும் சுரப்பதில்லை. ஆகவே இளவேனிலும் இலையுதிர் காலமுமே ஏற்ற பருவங்கள்.

சுமார் 6 கிலோமீட்டரில் முதல் குடியிருப்பு தென்படும். பாறைச் சுவரில் பெரியதொரு குடைவு. அதனுள்ளே கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள். குடைவு மனிதர் வெட்டியதன்று. மணற்பாறையில் ஊறி இறங்கும் நீர், நீர்புகா அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் கசிகிறது. கசியுமிடம் நெகிழ்ந்து உதிர்கிறது. தெற்கு நோக்கிய குடைவில் குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் உள்ளே புகும். கோடையின் உச்சி வெயில் புகாது. இடம் தேர்ந்தவர்கள் இதனை நன்கறிந்திருந்தனர்.

அங்கே மக்காச்சோளம் சேமித்த குதிர்கள் உண்டு. கிவா என்னும் நிலவறைச் சடங்குக் கூடங்கள் உண்டு. வான்கோழி வளர்த்து, அதன் இறகால் போர்வை செய்தனர் அம்மக்கள்.

காலத்தைக் கணித்தது எவ்வாறு? 1893–94இல் இங்கு அகழ்ந்த ரிச்சர்ட் வெதரில், பாறை வீட்டாரின் படிவுகளுக்குக் கீழே, மட்பாண்டமின்றிக் கூடைகளோடு புதைக்கப்பட்டோரைக் கண்டார். கீழிருப்பது முந்தியது என்னும் எளிய நெறி, இரு காலங்களைப் பிரித்துக் காட்டியது. பின்னர் வானியலறிஞர் டக்ளஸ், உத்தரங்களின் மர வளையங்களை ஒப்பிட்டு, 1929இல் ஆண்டுக் கணக்கையே தொடராக்கினார். மழை பெய்த ஆண்டில் வளையம் அகலும். பொய்த்த ஆண்டில் குறுகும். 1276 முதல் 1299 வரை நேர்ந்த நெடிய வறட்சியை அவ்வளையங்களே கூறின. பூசல்களும் சேர்ந்தன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் மக்கள் தெற்கே பெயர்ந்தனர்.

பெயர்ந்தனரேயன்றி மறையவில்லை. ஹோப்பி, ஜூனி முதலிய இன்றைய பியூப்ளோ மக்கள் அவர்தம் வழிவந்தோரே.

நடப்போர் கவனத்திற்கு ஒன்று: தரையில் கிடக்கும் பானையோடு, எந்தச் சுவரருகே, எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதே அதன் செய்தி. எடுத்துப் பார்த்து வேறிடத்தில் வைத்தாலும் அச்செய்தி அழிந்துபோகும். சுவர்மீது சாய்வதும் அத்தகையதே.

இவ்வட்டாரம் பேர்ஸ் இயர்ஸ் என்னும் பெயரால் 2016இல் தேசியச் சின்னமாயிற்று, 2017இல் எல்லை பெரிதும் குறுக்கப்பட்டது, 2021இல் மீட்கப்பட்டது. காத்துத் தருக எனக் கேட்டவருள் ஹோப்பி, ஜூனி மக்களும் இருந்தனர். மறைந்துபோனவர்கள் தம் முன்னோர் வீட்டைக் காக்கக் கேட்பதுண்டோ?