'கிட்ட' என்பதற்கு எத்தனை இங்கிலீஷ்?

வடக்கே வேலைக்குப் போன பிள்ளை சண்டிலிப்பாயில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே என்று யாராவது இங்கிலீஷில் கேட்டால் 'நியர் ஜஃப்னா' எனலாம். நடுவில் ஆனைக்கோட்டை, மானிப்பாய் என்று ஊர்கள் இருந்தாலும் பரவாயில்லை. மானிப்பாயோ ஒட்டினாற்போல் உள்ள ஊர். அதற்கு 'நெக்ஸ்ட் டு மானிப்பாய்'.

நாம் 'பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட' என்று 'க்கு' போட்டே பேசிப் பழகியவர்கள். அதனால் 'நியர் டு த ஸ்கூல்' என்று வாயில் வந்துவிடுகிறது. 'நியர் த ஸ்கூல்' போதும். நெக்ஸ்ட், குளோஸ் இரண்டுக்கும்தான் 'டு' வேண்டும். இந்தக் குளோஸ் கொஞ்சம் பொல்லாத சொல்: பாம்பு சீறுகிற மாதிரி முடித்தால் கிட்ட, வண்டு இரைகிற மாதிரி முடித்தால் மூடு!

ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நெக்ஸ்ட் ஒஃப் கின்' என்று இருந்தால் நிதானமாகப் பாருங்கள். அது பக்கத்து வீட்டைக் கேட்கவில்லை. அடுத்த காம்பரா அக்கா எவ்வளவு ஒத்தாசையாக இருந்தாலும் அங்கே அவர் பெயர் வராது. கணவன், மனைவி, பிள்ளை, தாய் தகப்பன் என நெருங்கிய உறவினர் பெயரையே எழுத வேண்டும், அவர் சண்டிலிப்பாயில் இருந்தாலும் சரி. அவசரமென்றால் அவரைத்தான் தேடுவார்கள். போன் நம்பரையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.